விபுலானந்த அடிகளாரும் ஜூலை 19-ஆம் நாளும்

ஆண்டின் ஒவ்வொரு நாளுக்கும் சரித்திரம் ஒரு தனிக் கணக்கு வைத்திருக்கின்றது. ஜூலை மாதம் 19-ஆம் நாளின் கணக்கைப் புரட்டுவோருக்குப் போரும் கொலையும் அரசாணையுமே முதலிற் கண்ணிற்படும். 1870-ஆம் ஆண்டு இந்நாளில் பிரான்சு தேசம் பிரஷ்யாவின் மீது போர்ப் பிரகடனம் செய்தது. அப்போரிலே பிரெஞ்சுச் சக்கரவர்த்தி முடியிழந்தார், ஜெர்மனி ஒரு பேரரசாக எழுந்தது. 1947-ஆம் ஆண்டு இந்நாளில் பர்மாவின் தலைவர் ஆங் சான் இரங்கூன் நகரிலே, தமது ஆலோசனைச் சபை கூடியிருந்த மண்டபத்திலேயே, சுட்டுக் கொல்லப்பட்டார். 1969-ஆம் ஆண்டு இந்நாளில் இந்திய அரசு 14 பெரிய வங்கிகளை நாட்டுடைமையாக்கியது. அன்றுதான் அப்பல்லோ 11 என்னும் விண்கலம் சந்திரனை அடைந்து அதைச் சுற்றிவரத் தொடங்கிற்று.

கிழக்கிலங்கைக் கரையோரத்தில் வாழும் எங்களுக்கு இக்கணக்கிலே இன்னும் ஒரு வரி உண்டு. ஆங் சான் வீழ்ந்த அதே 1947 ஜூலை 19, சனிக்கிழமை, கொழும்பு மாநகரிலே விபுலானந்த அடிகளார் உயிர்நீத்தார். உலகச் சரித்திர நூல்கள் அவ்வரியைப் பதிவதில்லை. அதனை ஏன் பதியவேண்டும் என்று சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நான் இதை எழுதும் பெரியநீலாவணை, மட்டக்களப்பிலிருந்து தெற்கே வரும் பெருவீதியில், கல்முனைக்குச் சற்று வடக்கே கடலோரமாக இருக்கும் ஊர். கவிஞர் நீலாவணன் (1931–1975) தம் புனைபெயராகச் சூடிக்கொண்டது இவ்வூரின் பெயரையே. இங்கிருந்து தெற்கு நோக்கிச் சென்றால் கைத்தறிக்குப் பேர்போன மருதமுனை, அடுத்துப் பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, அதற்கப்பால் காரைதீவு, பின்னர் நிந்தவூர் என ஊர்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடக்கின்றன. ஓரூரில் பள்ளிவாசலின் பாங்கோசை கேட்டு அடங்குமுன் அடுத்த ஊரில் கோயில் மணி கேட்கும். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வயல். இரண்டுக்கும் நடுவே முஸ்லிம்களும் தமிழரும் ஒரே மொழியைப் பேசி வாழும் ஒடுங்கிய மணற்பரப்பு. 1961-இல் அம்பாறை மாவட்டம் தனியே பிரிக்கப்படும் வரை இவையாவும் மட்டக்களப்பு மாவட்டத்தையே சேர்ந்திருந்தன.

இவ்வூர்களுள் ஒன்றாகிய காரைதீவிலே, 1892-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 27-ஆம் நாள், சாமித்தம்பியாருக்கும் கண்ணம்மையாருக்கும் மகனாக மயில்வாகனன் பிறந்தார். அந்த ஆண்டு தமிழுக்கு வேறொரு வகையிலும் நல்லாண்டு. உ. வே. சாமிநாதையர் ஏட்டுச் சுவடிகளை ஒப்புநோக்கிச் சிலப்பதிகாரத்தை அச்சேற்றியதும் அதே 1892-இலேதான். சென்னையில் அச்சான அந்த நூலும் காரைதீவில் பிறந்த அந்தக் குழந்தையும் பிற்காலத்தில் ஒன்றையொன்று எவ்வாறு சந்தித்தன என்பதைப் பின்னர் காண்போம்.

மயில்வாகனனாரின் கல்வியைப் படிப்படியாக எண்ணிப் பார்க்கும்போது எனக்கு ஓர் உண்மை துலக்கமாகின்றது. அவருடைய கல்வியில் எந்த ஒரு சமயத்தாரும் எந்த ஓர் ஊராரும் தனியுரிமை பாராட்ட முடியாது. தமிழின் அரிச்சுவடியைக் காரைதீவுத் திண்ணையிலே கற்றார். ஆங்கிலக் கல்வியைக் கல்முனையில் மெதடிஸ்த சபையார் நடத்திய பாடசாலையிலே தொடங்கினார். அங்கிருந்து மட்டக்களப்புக்குச் சென்று, கத்தோலிக்கக் குருமார் நடத்திய அர்ச்சியசிஷ்ட மிக்கேல் கல்லூரியிற் பயின்று, 16 வயதில் கேம்பிரிட்ஜ் சீனியர் பரீட்சையிலே தேறினார். பின்னர் கொழும்பிலே ஆசிரியப் பயிற்சி; தொழில்நுட்பக் கல்லூரியிலே விஞ்ஞானப் படிப்பு. 1916-இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பரீட்சையிலே சித்தியெய்தி, இலங்கையிலிருந்து அப்பட்டத்தைப் பெற்ற முதல்வரானார். யாழ்ப்பாணத்துச் சம்பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞானம் கற்பித்தார். இலண்டன் சர்வகலாசாலையின் விஞ்ஞானப் பட்டத்தையும் பெற்று, 1920-இல் மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபர் பதவியை ஏற்றார்.

மெதடிஸ்தரும் கத்தோலிக்கரும் மதுரைப் புலவரும் இலண்டன் பரீட்சகரும் சேர்ந்து உருவாக்கிய கல்வி அது. பகலிலே வகுப்பில் ஒலியின் அதிர்வையும் ஒளியின் முறிவையும் விளக்கிய ஆசிரியர், இரவிலே நன்னூலையும் சங்கத் தொகைகளையும் கையிலெடுப்பார். இவ்விரண்டும் வெவ்வேறு உலகங்கள் என்று அக்காலத்தில் எண்ணாதார் சிலரே.

கைநிறைந்த ஊதியமும் அதிபர் பதவியும் அமைந்திருந்த வேளையில் அவற்றைத் துறக்க அவர் உள்ளம் துணிந்தது. இராமகிருஷ்ண சங்கத்தைச் சேர்ந்த சர்வானந்த சுவாமிகளின் தொடர்பு அவரை ஏற்கெனவே ஈர்த்திருந்தது. 1922-இல் சென்னை மயிலாப்பூர் மடத்தை அடைந்து பிரமசரிய விரதம் பூண்டு, பிரபோத சைதன்யர் என்னும் பெயரைப் பெற்றார். அங்கே இராமகிருஷ்ண விஜயம் என்னும் தமிழ் ஏட்டுக்கும் வேதாந்த கேசரி என்னும் ஆங்கில ஏட்டுக்கும் ஆசிரியப் பணி புரிந்தார். 1924-இல் சித்திரா பௌர்ணமியன்று, பரமஹம்சரின் நேர்ச் சீடராகிய சிவானந்தரிடம் துறவறம் பெற்று, விபுலானந்தரானார்.

துறவி என்றதும் காடும் குகையுமே சிலருக்கு நினைவில் எழும். இத்துறவியோ 1925-இல் இலங்கைக்கு மீண்டு பள்ளிக்கூடங்களின் பொறுப்பைத் தலைமேல் ஏற்றார். கூரை வேய்வது, ஆசிரியருக்குச் சம்பளம் தேடுவது, பரிசோதகருக்குக் கணக்குக் காட்டுவது, அநாதைப் பிள்ளைகளுக்கு அன்னம் இடுவது ஆகிய யாவும் அவர் தவமாயின. யாழ்ப்பாணத்து வைத்தீசுவர வித்தியாலயம், திருகோணமலை இந்துக் கல்லூரி, கிழக்கிலே சிதறிக் கிடந்த சிற்றூர்ப் பாடசாலைகள் எனப் பலவற்றுக்கும் அவருடைய உழைப்புக் கிட்டியது. 1929-இல் மட்டக்களப்புக் கல்லடி உப்போடையிலே சிவானந்த வித்தியாலயம் எழுந்தது. தமக்குத் துறவு தந்த குருவின் பெயரையே அதற்கு இட்டார். அதனருகே கிடக்கும் வாவியிலே நிலவுள்ள இரவுகளில் நீரினடியிலிருந்து இசை எழும் என்பது மட்டக்களப்பார் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் செய்தி. அவ்விசையைப் பொருளாகக் கொண்டு அடிகளார் நீரரமகளிர் இன்னிசைப் பாடலை இயற்றினார்.

தமிழகமும் அவரை விட்டுவைக்கவில்லை. மதுரைத் தமிழ்ச் சங்கம் 1926-இல் அவருடைய மதங்கசூளாமணியை வெளியிட்டது. செகசிற்பியர் என்று அவர் தமிழ் ஒலிக்கு இசையப் பெயரிட்டழைத்த ஆங்கில நாடகாசிரியரின் 12 நாடகங்களைத் தமிழ் நாடக இலக்கணத்தோடு பொருத்தி ஆராய்ந்த நூல் அது. 1931-இல் அண்ணாமலைச் சர்வகலாசாலை அவரைத் தமிழ்ப் பேராசிரியராக அழைத்தது. 1933 வரை அங்கே பணியாற்றினார். பாரதியாரைப் பெரும்புலவராக ஏற்கத் தமிழறிஞர் பலர் தயங்கிய அந்நாளிலே, பாரதி கழகம் அமைத்து அவர் பாடல்களைச் சர்வகலாசாலைக்குள்ளேயே ஒலிக்கச் செய்தார். மாலைவேளைகளிலே அருகிலுள்ள திருவேட்களத்துச் சேரிக்குச் சென்று, தீண்டாமையால் ஒதுக்கப்பட்டிருந்தோரின் குழந்தைகளுக்கு எழுத்தறிவித்தார். பேராசிரியரின் காவியுடையைச் சேரியிலே காணப் பொறாதாரும் இருந்திருப்பர். அவரோ அதைப் பொருட்படுத்தியவராகத் தெரியவில்லை.

விஞ்ஞானத்தைத் தமிழிற் கற்பிக்க இயலுமா என்னும் வினா அக்காலத்தில் பெரிதாக எழுந்தது. வகுப்பறையிலே நின்று விஞ்ஞானம் போதித்தவரும் பண்டிதப் பட்டம் பெற்றவருமாகிய ஒருவர் அதற்கு விடைகூறத் தக்கவரானார். சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கத்தார் மேற்கொண்ட கலைச்சொல்லாக்கப் பணிக்கு அவர் தலைமை தாங்கினார். 1936-இல் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிலே கூடிய சொல்லாக்க மாநாடும் அவர் தலைமையிலேயே நிகழ்ந்தது. பௌதிகம், இரசாயனம், கணிதம் முதலிய துறைகளுக்கெனத் தொகுக்கப்பெற்ற அச்சொற்கள் 1938-இல் நூலாக வெளிவந்தன.

1939-இல் இமயமலைச் சாரலிலுள்ள மாயாவதி ஆச்சிரமத்திலிருந்து பிரபுத்த பாரதம் என்னும் ஆங்கில ஏட்டை நடத்தச் சென்றார். அங்கிருந்து மீண்டபோது உலகம் போரிலே மூழ்கியிருந்தது. 1942 ஏப்ரலிலே ஜப்பானிய விமானங்கள் கொழும்பிலும் திருகோணமலையிலும் குண்டு பொழிந்தன. பர்மா ஜப்பானியர் வசமாகவே, இரங்கூனிலிருந்து இலங்கைக்கு வந்துகொண்டிருந்த அரிசி நின்றுபோயிற்று. பஞ்சத்தை எதிர்கொள்ளக் கிழக்கின் வயல்களிலே நெல்லைப் பெருக்கவேண்டிய அவசியம் உண்டாயிற்று. அதற்காகக் கல்முனையிலே ஓர் அவசரகாலக் கச்சேரியை அரசாங்கம் திறந்து, அதற்கு உதவி அரசாங்க அதிபராக ஏ. எம். ஏ. அஸீஸ் அவர்களை அனுப்பிற்று.

அஸீஸ் அவர்கள் 1911-இல் யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணையிலே பிறந்தவர்; இலங்கைச் சிவில் சேவையிலே நுழைந்த முதல் முஸ்லிம். இளமையில் அவர் கற்றதும் வைத்தீசுவர வித்தியாலயத்திலேதான். ஆகவே காவியுடை தரித்த கல்விமான்கள் அவருக்குப் புதியவரல்லர். கல்முனையில் இருந்த காலத்தில் அவர் அடிகளாரோடு நெருங்கிப் பழகினார். நெல் விளைவிக்க வந்த அதிகாரியின் கவனம், பள்ளிக்கூடம் போகாமல் வயலிலும் கடலிலும் வளர்ந்துகொண்டிருந்த முஸ்லிம் பிள்ளைகள் மீதும் சென்றது. 1942-இல் கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கம் பிறந்தது. அதன் தொடர்ச்சியாகவே 1945-இல் கொழும்பிலே இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதி நிறுவப்பெற்று, வசதியற்ற மாணவர் பலரைச் சர்வகலாசாலை வாயில் வரை கொண்டு சென்றது. தம்முடைய கல்விப் பணியின் ஊற்றுக்கண்களுள் அடிகளாரோடு கொண்ட உறவும் ஒன்று என்பதை அஸீஸ் அவர்கள் பிற்காலத்தில் நன்றியோடு ஒப்புக்கொண்டார்கள்.

இச்செய்தியை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. அடிகளாரைச் சைவத் துறவியாகவும் தமிழ்ப் பேராசிரியராகவும் போற்றுவோர் பலர். இக்கரையின் முஸ்லிம் வீடுகளிலே முதன்முதலாகப் பட்டம் பெற்ற பிள்ளைகளின் கதையிலும் அவருக்கு ஒரு பங்கு உண்டு என்பதை நினைப்போர் குறைவு.

1943-இல், அதற்கு முந்திய ஆண்டு நிறுவப்பெற்ற இலங்கைச் சர்வகலாசாலையின் முதல் தமிழ்ப் பேராசிரியராக அடிகளார் அமர்ந்தார். அக்காலத்தில் அவர் உள்ளத்தை முழுதும் ஆட்கொண்டிருந்தது யாழ். சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில் இளங்கோவடிகள் இசைமரபை விரித்துரைத்தார். அடியார்க்குநல்லார் அதற்கு உரை கண்டார். ஆனால் யாழ் என்னும் கருவியைக் கண்ணாற் கண்டவர் எவரும் நூற்றாண்டுகளாக இல்லை. கருவி மறைந்தபின் அதன் இலக்கணம் வெறுஞ்சொல்லாய் நின்றது. அந்தச் சொல்லுக்கு மீண்டும் ஒலி கொடுக்க அடிகளார் முற்பட்டார்.

அதற்கு அவர் எடுத்த கருவி கணிதம். ஒரு நரம்பை மீட்டுகிறோம். அதன் நீளத்தைப் பாதியாக்கினால் அதே ஒலி ஒரு தானம் மேலே கேட்கும். மூன்றில் இரண்டு பங்காக்கினால், குரல் என்னும் முதல் நரம்புக்கு இளி என்னும் ஐந்தாம் நரம்பின் ஒலி பிறக்கும். இவ்வாறு அளவையும் ஒலியையும் பொருத்திக்கொண்டே சென்றால், பண்டைய உரைகளிலே புதிராய் நின்ற பாலைகளின் பிறப்பையும் பண்களின் அமைப்பையும் கணக்கிட்டு மீட்கலாம். வில்யாழ், பேரியாழ், சீறியாழ், மகரயாழ், சகோடயாழ் முதலியவற்றின் வடிவையும் நரம்பையும் இவ்வாறே ஆராய்ந்தார். ஏறக்குறைய 14 ஆண்டு உழைப்பின் பயனாக, பாயிரவியல் தொடங்கி ஒழிபியல் ஈறாக 7 இயல்களிலே யாழ்நூல் உருவாயிற்று. சம்பத்திரிசியார் கல்லூரியிலே ஒலியியலைக் கற்பித்த ஆசிரியரும் மதுரைச் சங்கத்துப் பண்டிதரும் அந்நூலிலே ஒரே ஆளாகக் கலந்துவிட்டனர். அவர் பிறந்த ஆண்டிலே அச்சேறிய சிலப்பதிகாரம், அவரிடத்திலேதான் தன் இசைப் பகுதிக்குத் தகுந்த உரையாசிரியரைக் கண்டுகொண்டது என்பேன்.

கரந்தைத் தமிழ்ச் சங்கம் அந்நூலை வெளியிட முன்வந்தது. 1947 ஜூன் 5, 6 ஆகிய நாட்களிலே, சோழநாட்டுத் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலிலே, புலவரும் இசைவாணரும் திரண்டிருக்க யாழ்நூல் அரங்கேறிற்று. அவர் ஆராய்ந்த இலக்கணப்படி செய்யப்பெற்ற யாழ்க்கருவிகள் அவ்விழாவிலே மக்கள் கண்முன் நின்றன. உடல் நலிந்திருந்த அடிகளார் அந்த நாளைக் காண்பதற்காகவே உயிரைத் தாங்கியிருந்தாரோ என எண்ணத் தோன்றுகிறது. அரங்கேற்றம் தொடங்கிய நாளிலிருந்து எண்ணினால் அவருக்கு எஞ்சியிருந்தவை 44 நாட்களே.

அந்த ஜூலை 19-ஐ மீண்டும் நோக்குவோம். முந்திய நாளிலேதான் இந்திய சுதந்திரச் சட்டம் பிரிட்டிஷ் மன்னரின் ஒப்புதலைப் பெற்றிருந்தது. இலங்கை, புதிய அரசியலமைப்பின்கீழ் நடக்கவிருந்த பொதுத்தேர்தலை எதிர்பார்த்திருந்தது. சர்வசித்து வருடத்து ஆடி மாதம் பிறந்திருந்தது. முஸ்லிம் ஊர்களிலே இரமழான் தலைப்பிறை தோன்றும் நாட்களும் அவையே. அன்று காலை 10-30 மணி கடந்த சிறிது நேரத்தில், இரங்கூன் செயலகத்திலே துப்பாக்கி ஏந்தியோர் நுழைந்து, 32 வயதே ஆன ஆங் சானையும் அவருடைய சகாக்கள் அறுவரையும் சுட்டனர். ஓர் அதிகாரியும் ஒரு மெய்க்காவலரும் உடன் மாண்டனர். அவ்வறுவருள் ஒருவர் கல்வி, தேசியத் திட்டத்துறை அமைச்சராகிய அப்துல் ரஸாக். அவரைப்பற்றி இக்கரையார் அறிந்திருப்பது நலம்.

ரஸாக் அவர்களின் தந்தை தமிழ்நாட்டிலிருந்து பர்மாவுக்குச் சென்ற தமிழ் முஸ்லிம். தாய் பர்மியப் பெண்மணி. 1898-இல் பிறந்த அவர், மாந்தளையிலே தேசியப் பாடசாலையின் தலைமையாசிரியராக நெடுங்காலம் பணியாற்றினார். இஸ்லாத்திலே நிலைத்து நின்றுகொண்டே பாளி மொழியையும் பௌத்த நூல்களையும் கற்றார். அவருடைய மாணவருள் பௌத்தரே மிகுதி. அவர்கள் அவரை ஆசான் என்றே அழைத்தனர். பர்மிய மக்கள் ஆண்டுதோறும் ஜூலை 19-ஐத் தியாகிகள் தினமாக நினைவுகூரும்போது இந்த ஆசிரியரையும் சேர்த்தே நினைக்கின்றனர்.

காலையிலே இரங்கூனில் 49 வயதில் ஓர் ஆசிரியர். அதே நாளிலே கொழும்பில் 55 வயதில் இன்னோர் ஆசிரியர். ஒருவர் தமிழ் முஸ்லிமின் மகனாய்ப் பிறந்து பௌத்தருக்குக் கற்பித்தவர். மற்றவர் மெதடிஸ்தரிடமும் கத்தோலிக்கரிடமும் கற்று, சைவப் பிள்ளைகளுக்குப் பள்ளி கட்டி, முஸ்லிம் கல்விக்கும் ஊக்கம் தந்தவர். இருவரும் ஒருவரையொருவர் அறிந்திருந்ததாகச் சான்றில்லை. ஆயினும் ஒரே நாளின் கணக்கிலே அவர்கள் பெயர் பக்கத்திற் பக்கத்தில் நிற்கின்றது. ஒருவரைத் துப்பாக்கி கொண்டுசென்றது. அதனால் அவர் பெயர் சரித்திரத்தில் ஏறிற்று. மற்றவரை நோய் கொண்டுசென்றது. அதனால் சரித்திரம் அவரைக் காணாமற் கடந்து போயிற்று. இவ்வாறு எண்ணும்போது, நாட்குறிப்பு எழுதுவோரின் அளவுகோல் குறையுடையதென்றே எனக்குப் படுகிறது.

அடிகளாரின் திருமேனி மட்டக்களப்புக்குக் கொண்டுவரப்பெற்று, அவர் எழுப்பிய சிவானந்த வித்தியாலயத்தின் வளவிலேயே சமாதி செய்யப்பெற்றது. தாம் நாட்டிய பள்ளியின் மணியோசை எட்டும் தொலைவிலேயே அவர் உறங்குகிறார்.

பிற்காலத்திலே இக்கரை கண்ட துயரங்களை மறைக்க வேண்டியதில்லை. 1985-இல் காரைதீவிலே வீடுகள் எரிந்தன. 1990-இல் இரு சாராரும் தத்தம் உயிர்களைப் பறிகொடுத்தனர். அவ்வாண்டுகளின் கசப்பு, அடுத்தடுத்த ஊர்களைத் தொலைதூர ஊர்கள் ஆக்கிற்று. 2004 டிசம்பர் 26-இல் கடல் பொங்கி வந்தபோது மட்டும் அது பள்ளிவாசல் என்றும் கோயில் என்றும் பாராமல் எல்லாரையும் வாரிச் சென்றது. அத்தகைய நாட்கள் எங்கள் நினைவிலே தாமாகவே பதிந்துவிடும். அவற்றை நினைப்பூட்ட எவரும் வேண்டியதில்லை. நல்ல நாட்களையோ நாம்தாம் தேடி எடுத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டியிருக்கின்றது.

ஆதலால் நான் வேண்டுவது சிறிய காரியம். ஆண்டுதோறும் ஜூலை 19 வரும்போது, கல்லடி உப்போடையிலும் காரைதீவிலும் நிகழும் நினைவுவிழாக்களோடு அமையாமல், மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் நிந்தவூரிலும் உள்ள பள்ளிகளிலே அடிகளாரையும் அஸீஸ் அவர்களையும் சேர்த்து ஆசிரியர்கள் பிள்ளைகளுக்கு எடுத்துரைப்பார்களாக. அவ்வாறே பெரியநீலாவணையிலும் பாண்டிருப்பிலும் உள்ள பள்ளிகளிலே, அதே நாளில் இரங்கூனிலே உயிர்கொடுத்த ரஸாக் என்னும் தமிழ் முஸ்லிமின் மைந்தரைப்பற்றியும் சொல்வார்களாக. அரைமணி நேரம் போதும். கல்முனையின் ஆங்கிலப் பாடசாலைக்குக் காரைதீவிலிருந்து வந்த மயில்வாகனன் என்னும் சிறுவனுக்கு இக்கரை முழுவதுமே ஒரே ஊராகத்தான் இருந்திருக்கும் என்பதை அந்தப் பிள்ளைகள் அறிந்துகொள்ளட்டும்.